வெறுங்காலில் மிதித்த பிரேக்

அந்த வருடங்களில் கார்களைச் சுவரில் மோத விடுவதுதான் என் வேலை. நிஜச் சுவரும் இல்லை, நிஜக் காரும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குள். கடல் கடந்த ஏதோ ஊரில் இனிமேல்தான் வெளிவரப் போகிற ஒரு காரின் உடம்பு, சின்னச் சின்னக் கட்டங்களாக எங்கள் ஆபீசுக்கு வந்து சேரும். நாங்கள் அதைச் சுவரை நோக்கி ஓட விடுவோம். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, காலையில் நான் போய் உட்காரும்போது படம் தயாராக இருக்கும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிற மோதலை, ஒரு காபி குடித்து முடிக்கும் வரை இழுத்து இழுத்துப் பார்ப்போம். சத்தமே இருக்காது. பானெட் நடுவில் லேசாக எழும்பும், ஈர வேட்டியை மடிப்பதுபோல மடியும், முன்பக்கம் முழுவதும் நிதானமாகச் சுருங்கும். ஆள் உட்காரும் கூடு மட்டும் சுருங்காமல் நிற்க வேண்டும். நின்றால் அன்றைக்கு எங்களுக்கு நல்ல நாள்.

பார்க்கப் பார்க்கக் கண் சொருகும். மாலையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிரே வருகிற வண்டிகளெல்லாம் எனக்கு அப்படியே மடிந்து மடிந்து தெரியும். லாரி மடியும், ஆட்டோ மடியும், பஸ் வந்து மடியாமல் நின்றதும்தான் ஏறுவேன். இன்னொன்றும் உண்டு. எங்கள் கணக்கில் பிரேக் என்பதே கிடையாது. எந்த வேகத்தில் புறப்பட்டதோ அதே வேகத்தில் வண்டி போய் மோதும். நடுவில் யாரும் அதை நிறுத்தப் பார்ப்பதில்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இடிச்சா நசுங்கணும்னு நீங்களே செஞ்சு வைக்கிறீங்களா?"

"முன்னாடி நசுங்குனாதாம்பா உள்ள இருக்கிறவங்க பொழைப்பாங்க. இடியோட வேகத்தை அந்தத் தகரம் வாங்கிக்கும்."

"இடிக்காம நிறுத்தத் தெரியாதவனுக்கு எதுக்கும்மா காரு?"

அப்பாவுக்கு எங்கள் பேட்டையான ஜோகுபாளையத்தில் நல்ல பேர். ஒரு தொழிற்சாலையில் அதிகாரிகளுக்கு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறகு ஒரு பழைய காரை வாங்கி, எங்கள் தெருப் பிள்ளைகளைக் காக்ஸ் டவுனில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவார். கனத்த தகரத்தில் செய்த, வெளிர்நீல வண்டி. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெருவில் பாதிப் பேருக்குப் பொழுது விடியும்.

அவர் வெறுங்காலில்தான் ஓட்டுவார். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பார். சோறு போடுகிற வண்டியில் செருப்புக் காலோடு ஏறக் கூடாது என்பது ஒரு காரணம். ஆயுத பூஜையன்று பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்த கையோடு, குனிந்து பிரேக் பெடலுக்கும் ஒரு பொட்டு வைப்பார். இன்னொரு காரணத்தை, யாராவது கேட்டால் மட்டும் சொல்வார்: "செருப்பு போட்டு மிதிச்சா பிரேக்கு என்ன சொல்லுதுன்னு காலுக்கு எப்பிடித் தெரியும்?" பெடலில் இருந்த ரப்பர் தேய்ந்து, ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. புதுசு போடச் சொன்னால் கேட்க மாட்டார். புது ரப்பர் தடிமனாம், நடுவில் சுவர் வைத்த மாதிரி ஆகிவிடுமாம்.

என் வேலையைக் கிண்டல் செய்வாரே தவிர, நான் சொன்னது காதில் விழாமல் இல்லை. முன்சீட்டில் உட்கார்கிற குழந்தைக்காவது சீட் பெல்ட் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "பெல்ட்டு கட்டுனா புள்ளைங்க பயப்படும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் குஜிரிச் சந்தைக்குப் போய், பழைய சாமான்களுக்கு நடுவே தேடி, ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட்டை வாங்கி வந்து மாட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் எதிர்வீட்டுச் சின்னப் பெண், எல்.கே.ஜி. படிப்பவள், அதை மாட்டிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து போனதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மழைக்காலம் முடிந்து, காலையில் பக்கத்து ஏரியிலிருந்து பனி மூட்டம் தெருவுக்குள் வருகிற சமயத்தில் அது ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பிரேக்கு சரியில்ல" என்றார்.

"என்ன பண்ணுது?"

"பஞ்சு மேல மிதிக்கிற மாதிரி இருக்கு. எங்க புடிக்குதுன்னே தெரியல. திடீர்னு நிக்குது, இல்லாட்டி லேட்டா நிக்குது. புள்ளைங்கள வெச்சுக்கிட்டு இப்பிடி ஓட்ட முடியுமா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. ஏரியைச் சுற்றி இறங்குகிற சரிவில் அவர் வண்டி ஊர்ந்தது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். பிள்ளைகள் பிரேயருக்குப் பிந்திப் போய் வெளியே நின்றார்கள். என்றைக்காவது ஒரு நாள் பிரேக் மொத்தமாகக் கைவிட்டுவிடும், அன்றைக்கு வண்டி நிறையக் குழந்தைகள் இருப்பார்கள் என்ற நினைப்பு அவரைத் தூங்க விடவில்லை. எனக்கும்தான்.

சனிக்கிழமை மதியங்களில் வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோவோம். ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கீழே இருந்தது அந்த ஷெட். மெக்கானிக்கை அப்பா பாய் என்று கூப்பிடுவார். அவர் அப்பாவை அண்ணே என்பார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பாய் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றினார். பிரேக் டிரம்மைக் கடைசல் பிடித்தார். புது பிரேக் ஷூ போட்டார். அடுத்த வாரம் வீல் சிலிண்டர், அதற்கடுத்த வாரம் ரப்பர் ஹோஸ், பிறகு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. கார் உடம்பைப் பற்றி அத்தனை படித்த எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, மிதிக்க மட்டும் தெரியும்.

"மிதி" என்பார் பாய், வண்டிக்கு அடியிலிருந்து. மிதிப்பேன். "புடி." பிடித்துக்கொள்வேன். கீழே பாட்டிலுக்குள் பிரேக் ஆயில் குமிழி குமிழியாக இறங்கும். "விடு." விடுவேன். மரத்தின் இளஞ்சிவப்புப் பூக்கள் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருக்கும். சூடேறிய சீட்டிலிருந்து பழைய ரெக்சின் வாசனை வரும். மிதி, புடி, விடு. எங்கோ கோயில் மணியும் எங்கோ பாங்கும் எங்கோ பிரஷர் குக்கர் விசிலும் சேர்ந்து கேட்கும். எனக்குக் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். அந்த மதியங்களை நான் பாதி கனவில்தான் கழித்தேன். கனவில் எங்கள் வெளிர்நீல வண்டி, சத்தமில்லாமல், சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

"என்னம்மா, தூங்கிட்டியா? காலத் தூக்காதம்மா, காத்து உள்ள பூந்துடும்." பாயின் குரல் கேட்டு விழிப்பேன்.

பெடல் என் செருப்புக்குக் கீழே கல் மாதிரி நின்றது. அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. அப்பா ஏறி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலையை ஆட்டினார். "அதே பஞ்சுதான்." பாய் எரிச்சலோடு வண்டியை எடுத்துப் போய், டீக்கடைக்கு முன்னால் கிறீச்சென்று நிறுத்திக் காட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இதுக்கு மேல புடிச்சா கண்ணாடி வழியா வெளிய போயிடுவே அண்ணே. பிரேக் ஏக்தம் சரியா இருக்கு. சந்தேகம்தான் உனக்கு."

"உன் கால்ல ஷூ இருக்கு பாய். உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்ப வேற எடத்துல காட்டிக்கோ."

வேறு இடத்திலும் காட்டினார். அங்கேயும் அதே பதில்தான். திரும்பி வந்து பாயின் ஷெட்டில் பெஞ்சில் உட்கார்ந்தார். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி குடித்தார்கள். நண்பர்கள் கோபித்துக்கொண்டால் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பொய் சொல்கிறாய் என்று உலகமே சேர்ந்து சொல்லக் கேட்டவரின் முகம் அது.

ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் வண்டியின் உடம்பை ஒரு நாள் மனத்துக்குள்ளேயே திரையில் ஏற்றிப் பார்த்தேன். அதில் மடிவதற்கென்று எதுவும் இல்லை. முன்பக்கம் விறைப்பாக நிற்கும், வேகம் முழுவதும் நேராக உள்ளே வரும். கதவுக்குள் குறுக்குக் கம்பி கிடையாது. ஸ்டியரிங் தண்டு ஒரே நீளக் கம்பி, ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு நேராக. அந்தத் தகரத்தின் கனத்தைப் பெருமையாகத் தட்டித் தட்டிக் காட்டுவாரே அப்பா, அந்தக் கனம் குழந்தைகளை ஒன்றும் காப்பாற்றாது. அந்த வண்டிக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, அது இடிக்காமல் நிற்பதுதான். அன்று வீட்டுக்கு வந்து, "வித்துடுப்பா அந்த வண்டிய" என்று கத்திவிட்டேன். அம்மா வந்து என்னை அடக்கினாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்பா நேராக ஷெட்டுக்கு வந்தார். நான் வீட்டிலிருந்து நடந்து போய்ச் சேர்ந்தேன். வழக்கம்போல டிரைவர் சீட்டில் ஏறினேன். பெடலுக்குக் கீழே விரிப்பு ஈரமாக இருந்தது. குனிந்து தொட்டேன். விரலில் வழவழவென்று ஒட்டியது. மாஸ்டர் சிலிண்டர் உள்பக்கமாக ஒழுகினால் ஆயில் பெடல் வழியாகத்தான் இறங்கி வரும். அந்த வாரங்களில் அதுகூடப் படித்து வைத்திருந்தேன்.

"அப்பா, லீக்கு" என்று கூப்பிட்டேன். "பாய், இங்க வாங்க, ஒழுகுது."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் வேலை கிடைத்த அன்றுகூட அதில் பார்த்ததில்லை. "நான் சொன்னேன்ல?" என்றார், பாயைப் பார்த்து. "நான் சொன்னேன்ல?" பாய் விளக்கை எடுக்க உள்ளே போனார். நான் வண்டியை விட்டு இறங்கி, வெயிலில் விரலை நீட்டிப் பார்த்தேன்.

சிவப்பாக இருந்தது.

பிரேக் ஆயில் பழசானால் பழுப்பாகும், சிவக்காது. நான் கீழே பார்த்தேன். ஷெட்டின் சிமென்ட் தரையில், வண்டியிலிருந்து, செருப்பு மாட்டாமலே இறங்கிய அப்பா நின்ற இடம் வரைக்கும், ஒரு காலின் தடம் மட்டும் ஈரமாகப் பதிந்திருந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

"உட்காருப்பா" என்றேன்.

பெஞ்சில் உட்கார வைத்து வலது காலைத் தூக்கினேன். பெருவிரலுக்குக் கீழே, பெடலின் இரும்பு ஓரம் படுகிற இடத்தில், சதை ஆழமாகப் பிளந்திருந்தது. இன்றைக்கு வந்த காயம் இல்லை அது. பல நாளாக அறுபட்டு, காய்ந்து, மறுபடி அறுபட்டது. பாய் விளக்கோடு வந்து நின்று, "யா அல்லா" என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். அப்பா தன் காலைக் குனிந்து பார்த்தார். யாரோ மறந்து விட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அப்ப லீக்கு இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்குச் சர்க்கரை உண்டு. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மா மாத்திரை கொடுப்பாள், அவர் முழுங்குவார், டீயில் சீனி இல்லை என்று முறைப்பார். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. கிளினிக்கில் டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போட்ட பிறகு, அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு மெல்லிய நைலான் இழையைக் கையில் எடுத்தார்.

"பாதத்துல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

அப்பா கண்ணை மூடினார். சாமி முன்னால் நிற்பதுபோல முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியே வெயில் அவர் மடியில் விழுந்திருந்தது. டாக்டர் இழையைக் குதிகாலில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. நடுப்பாதத்தில் அழுத்தினார், விரல்களுக்கு அடியில் அழுத்தினார், இன்னொரு காலிலும் அழுத்தினார். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார்: "ஆரம்பிக்கலாமே டாக்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நடக்கும்போது பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குங்களா?" என்று கேட்டார்.

"நடக்கிறப்ப இல்ல. பிரேக்குதான் அப்பிடி இருக்கு" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, "கிளச்சும்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் கண்ணைத் திறந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். இனி வெறுங்காலே கூடாது, காலைத் தினமும் பார்க்க வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது, "மெத்துனு ஒரு செருப்பு போட்டுக்கிட்டு ஓட்டுனா ஆகாதா?" என்றார், என்னைப் பார்க்காமல். நான் ஆட்டோவுக்கு வெளியே பார்த்தேன். ஆகாது என்றால் சண்டைதான் வரும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பனி அதிகம். தெருவின் அந்தக் கோடி தெரியவில்லை. கட்டுப் போட்ட காலில் அம்மாவின் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் குறுக்கே விழுந்து தடுப்பது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். பிள்ளைகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராகத் தோன்றி வந்து வண்டியில் ஏறினார்கள். எதிர்வீட்டுச் சின்னவள் முன்சீட்டில் ஏறி, தானே பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அவள் அம்மா டிபன் பையை நீட்டியபடி அப்பாவின் காலைப் பார்த்தாள்.

"கால்ல என்னாச்சுண்ணா?"

அப்பா சொன்னார். தெருவில் நின்று, எதையும் குறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். "கால்ல உணர்ச்சி இல்லம்மா. எத்தனை நாளா இல்லன்னும் தெரியல. தெரியாமலே உங்க புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன்."

அவள் பயந்துபோய்க் குழந்தையை இறக்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை.

"இத்தனை நாள்ல ஒண்ணும் ஆகலையேண்ணா. மெதுவா ஓட்டுங்க, பரவால்ல. உங்களத் தவிர வேற யாரு கூடவும் என்னால அனுப்ப முடியாது."

அவள் உபசாரத்துக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் கும்பிடலாம் போலவும் இருந்தது. அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வண்டிக்குள்ளிருந்து, "தாத்தா, பிரேயர்" என்று ஒரு குரல் அவசரப்படுத்தியது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"நான் பிரேக்க மிதிக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியாதும்மா" என்றார் அப்பா அவளிடம். சாவியை என் கையில் வைத்தார். முன்கதவைத் திறந்து, குனிந்து, சின்னவளின் பெல்ட்டைக் கழற்றித் தூக்கி இறக்கினார். அவள் எதற்கென்று புரியாமல் உதட்டைப் பிதுக்கினாள். மற்றவர்களும் பைகளோடு இறங்கி, பனியில் வரிசையாக நின்றார்கள்.

முனையிலிருந்து ஆட்டோ ஒன்றை நான் கூட்டி வந்தேன். நானும் பிள்ளைகளோடு போவதாக ஏற்பாடு. அவர்கள் ஏறப் போனபோது அப்பா கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார்.

"பிரேக் ஹேகிதே?" என்று டிரைவரைக் கன்னடத்தில் கேட்டார், பிரேக் எப்படி இருக்கிறது என்று.

"சென்னாகிதே சார்" என்றார் அவர், நன்றாக இருக்கிறது என்று, கொஞ்சம் ரோஷத்தோடு.

அப்பா அவரைப் பெடலிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை ஒரு பக்கமாக நீட்டி, சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். உள்ளே கையை விட்டு, உள்ளங்கையால் அந்தப் பெடலை அழுத்தினார். பிடித்தார். விட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பிள்ளைகளை ஏறச் சொன்னார்.